டிவிடி பிளேயர்: பினாங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்பே ரிமோட் என் கைக்கு வந்துவிடுகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், வீடுதான் வேறு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்று என்னை அழைத்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கெட்டிருந்தது பிளேயர் இல்லை. கேபிளோ, செட்டிங்கோ, டிஸ்க்கோதான். புதிது வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. இன்னுமா டிவிடி பிளேயர் விக்கிறாங்க? இப்ப போய் வாங்கினா சிரிக்க மாட்டாங்களா?

விற்கிறார்கள், ஆனால் தேர்வு குறைந்துவிட்டது. பெரிய கடையில் ஒரு மூலையில் ஒன்றிரண்டு மாடல் இருக்கும். இணையத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வாங்கலாமா என்பதற்கு என் பதில், உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள் என்பதுதான். கல்யாண டிஸ்க், பிள்ளைகளின் பள்ளி விழா, லெபோ பாசாரில் வாங்கிக் குவித்த பழைய படங்கள், கரோக்கே விசிடி இவையெல்லாம் இருந்தால் வாங்குங்கள். ஒன்றுமே இல்லை, படம் பார்க்க மட்டும்தான் என்றால் வேண்டாம்.

2. விசிடி, டிவிடி, புளூ-ரே எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? எதுல எதைப் போடறது?

அளவு ஒன்றுதான், எல்லாமே 12 செ.மீ. வட்டு. உள்ளே எழுதியிருக்கும் அடர்த்தியும் படிக்கும் லேசரும்தான் வேறு. விசிடியில் ஒரு டிஸ்க்குக்குச் சுமார் 74 நிமிடப் படம்தான் கொள்ளும். அதனால்தான் நம் மூன்று மணி நேரப் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்தன. டிவிடியில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 8.5 ஜிபி. புளூ-ரே நீல நிற லேசரால் படிப்பது.

டிவிடி பிளேயர் டிவிடி, விசிடி, பாட்டு சிடி மூன்றையும் ஓட்டும், புளூ-ரேயை ஓட்டாது. புளூ-ரே பிளேயர் டிவிடியை ஓட்டும், ஆனால் எல்லா மாடலும் விசிடியை ஓட்டாது. வீட்டில் விசிடி நிறைய இருந்தால் பெட்டியில் விசிடி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. பையனோட பிளேஸ்டேஷன்ல டிவிடி போடலாமா?

டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாக இருந்தால் டிவிடி ஓடும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் பாட்டு சிடியும் விசிடியும் ஓடாது. பையன் விளையாடும் நேரத்தில் அம்மாவுக்குப் படம் பார்க்க வேண்டியிருந்தால் அது வேறு பிரச்சினை.

4. அனலாக் டிவியை நிறுத்திட்டாங்களே, இனிமே பழைய டிவியில டிவிடி ஓடுமா?

ஓடும். 2019 அக்டோபரோடு நாடு முழுக்க நிறுத்தப்பட்டது ஆன்டெனா வழியாக வந்த அனலாக் ஒளிபரப்பு. டிவிடி பிளேயர் கேபிள் வழியாக நேராக டிவிக்குப் போகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பெட்டி டிவி வேலை செய்தால் விசிடி பார்க்க அதுதான் நல்ல டிவி என்பேன். ஏன் என்று 9ஆம் கேள்வியில் வரும்.

5. புது டிவி வாங்கினோம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டையே இல்ல. பிளேயரைத் தூக்கிப் போட்டுடவா?

வேண்டாம், பொறுங்கள். முதலில் டிவியின் பின்பக்கத்தில் 'ஏவி இன்' என்று எழுதிய சின்ன வட்டத் துளை இருக்கிறதா பாருங்கள், இயர்போன் சொருகும் துளை அளவுக்கு இருக்கும். அது இருந்தால் ஒரு முனையில் அந்த ஊசியும் மறுமுனையில் மூன்று வண்ணத் துளைகளும் உள்ள சின்ன இணைப்புக் கம்பி வேண்டும். டிவி பெட்டிக்குள்ளேயே கொடுத்திருப்பார்கள், பெட்டியைத் தூக்கிப் போடும் முன் தேடுங்கள். கடையில் வேறொன்று வாங்கினால் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம்; படம் வராமல் சத்தம் மட்டும் 'கர்ர்' என்று கேட்டால் காரணம் அதுதான்.

அதுவும் இல்லையென்றால் பிளேயரின் பின்னால் பாருங்கள். கொஞ்சம் பிந்தி வந்த மாடல்களில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும், ஒரே கேபிளில் வேலை முடிந்தது. ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) டிக்கோடரும் மற்றதும் எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளையும் பிடித்துக்கொண்டால், இரண்டு மூன்றை ஒன்றாக்கும் எச்.டி.எம்.ஐ. சுவிட்ச் கிடைக்கிறது.

பிளேயரில் மூன்று வண்ணம் மட்டும், டிவியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் என்றால் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, யூ.எஸ்.பி. வயரில் மின்சாரம் எடுக்கும். கொம்தார் பக்கத்துக் கடைகளில் கேளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு லோ யாட் பிளாசா இருக்கவே இருக்கிறது. கடையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: ஏவியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் பெட்டி வேண்டும். எதிர்த் திசையில் போகும் பெட்டியும் அதே வடிவத்தில், அதே நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும். அதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

6. வயரெல்லாம் சரியாத்தான் மாட்டினேன். டிவி 'நோ சிக்னல்'னு சொல்லிக்கிட்டே இருக்கு.

டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, வயர் மாட்டிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு வரும் அழைப்புகளில் மிக அதிகம் இதற்குத்தான். அப்புறம் பிளேயரில் கேபிளை 'அவுட்' என்ற இடத்திலும் டிவியில் 'இன்' என்ற இடத்திலும் மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள்.

7. படம் கறுப்பு வெள்ளையா வருது. எம்.ஜி.ஆர். படம்னா பரவால்ல, இது கலர் படம்!

இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் மஞ்சள் வயர் பச்சைத் துளையில் போயிருப்பது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் படத்துக்காகவே தனியாக இருக்கும். அதில் பச்சை வழியாகப் போவது படத்தின் வெளிச்சம் மட்டும், நிறம் மற்ற இரண்டு வழியாகப் போகும். மஞ்சள் வயரை அங்கே சொருகினால் நிறம் இல்லாத படம்தான் வரும். சில டிவிகளில் பச்சையும் மஞ்சளும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ளும். அப்போது வயர் சரியாகவே இருந்தாலும் 'சோர்ஸ்' பட்டியலில் 'காம்போனென்ட்' என்பதை விட்டு 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஒளிபரப்பு முறை. மலேசியா 'பால்' முறையைப் பின்பற்றிய நாடு: 576 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'என்.டி.எஸ்.சி.': 480 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். தமிழ்ப் பட டிவிடிகள் நிறைய 'என்.டி.எஸ்.சி.'யில்தான் வந்தன. பழைய டிவி 'பால்' மட்டும் புரிந்துகொள்ளும் ரகமாக இருந்தால் நிறம் போய்விடும், அல்லது படம் மேலும் கீழும் உருளும். பிளேயர் செட்டிங்கில் 'டிவி சிஸ்டம்' என்பதில் 'பால்' போடுங்கள். டிவி பல முறைகளையும் ஏற்றால் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' போதும். படம் உருண்டுகொண்டிருக்கும்போது மெனுவைப் படிக்க முடியாதே என்கிறீர்களா? நிறைய ரிமோட்களில் 'என்/பி' அல்லது 'பி/என்' என்று ஒரு பொத்தான் இதற்காகவே இருக்கிறது.

8. ஹீரோ ஹீரோயின் எல்லாம் குள்ளமா குண்டா தெரியறாங்க, ஏன்?

பழைய சதுர டிவிக்கு 4:3, இன்றைய அகல டிவிக்கு 16:9. பிளேயர் செட்டிங்கில் 'டிவி டிஸ்ப்ளே' இன்னும் 4:3 என்று இருந்தால் அகல டிவி அந்தப் படத்தை இழுத்து நிரப்பும், ஆள் குண்டாகிவிடுவார். அதை 16:9 ஆக்குங்கள். சதுர டிவியில் ஆள் ஒல்லியாக நெட்டையாகத் தெரிந்தால் இதற்கு நேர் எதிர்: 4:3 'லெட்டர்பாக்ஸ்' போடுங்கள்.

விசிடிகளும் பழைய நாடகங்களும் 4:3-இல் எடுத்தவை. அகல டிவியில் அவற்றுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரை நிறையவில்லையே என்று 'ஜூம்' போட்டால் தலையும் வசன எழுத்தும் வெட்டுப்படும். சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழும் வரும் பட்டையும் குறை இல்லை.

9. எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டா படம் எச்.டி. ஆயிடும்னு கடைக்காரர் சொன்னாரு?

டிஸ்க்கில் இருப்பது 7ஆம் பதிலில் சொன்ன 480 அல்லது 576 கோடுகள்தான். பிளேயர் அதை 1080 கோடாக நீட்டிக் கொடுக்கும். இல்லாத விவரம் புதிதாகப் பிறக்காது. ஆனாலும் மஞ்சள் வயரைவிட எச்.டி.எம்.ஐ. கண்டிப்பாகத் தெளிவு. மஞ்சள் வயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து போவதால் சிவப்புப் புடவையின் ஓரம் கசியும், வசன எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். எச்.டி.எம்.ஐ.யில் அது இல்லை. விலையுயர்ந்த கேபிள் வேண்டியதில்லை, சாதாரணமானதே போதும்.

விசிடிக்கு நிலைமை இன்னும் மோசம்: 352-க்கு 288 புள்ளிகள். 55 அங்குல டிவியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சின்னப் பெட்டி டிவியில் அதே டிஸ்க் பார்க்கும்படி இருக்கும்.

10. படம் ஓடுது, சத்தம் மட்டும் வரல. வேற டிஸ்க் போட்டா வருது.

அந்த டிஸ்க் டி.டி.எஸ். ஒலித்தடத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். மலிவான பிளேயர்கள் பலவற்றுக்கு டி.டி.எஸ். பிரிக்கத் தெரியாது; சிவப்பு வெள்ளை வயரில் மௌனம்தான் வரும். ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானைத் தட்டி டால்பி அல்லது 2.0 தடத்துக்கு மாறுங்கள். எச்.டி.எம்.ஐ.யில் இதே தொல்லை என்றால் பிளேயர் செட்டிங்கில் 'டிஜிட்டல் ஆடியோ' என்பதை 'பி.சி.எம்.' ஆக்குங்கள்.

11. பாட்டு வந்தா பக்கத்து வீடு அதிருது, பேசினா ஒண்ணும் கேக்கல.

டிவிடியின் 5.1 ஒலி ஆறு ஸ்பீக்கருக்கானது, அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். பிளேயர் ஆறையும் இரண்டாகக் கலக்கும்போது வசனம் அமுங்கிப்போகலாம். செட்டிங்கில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள், 'ஸ்பீக்கர்' பக்கத்தில் நடு ஸ்பீக்கரை 'ஆஃப்' செய்யுங்கள். அது 'ஆன்' என்று கிடந்தால், இல்லாத ஸ்பீக்கருக்கு வசனத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். 'நைட்' அல்லது 'டி.ஆர்.சி.' என்று இருந்தால் அதையும் போடுங்கள்: உரத்த சத்தம் அடங்கி மெல்லிய சத்தம் எழும். இரவு பத்து மணிக்கு மேல் பிளாட்டில் படம் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொத்தான் இல்லை.

12. கரோக்கே விசிடியில நாங்க பாடறோம், உள்ளே ஒருத்தரும் பாடறாரு. அவரை நிறுத்த முடியாதா?

முடியும். கரோக்கே விசிடிகளில் ஒரு பக்கத்துச் சேனலில் பாடகர் குரலோடு பாட்டும், மறுபக்கத்தில் இசை மட்டும் இருக்கும். பிளேயர் இரண்டையும் ஸ்டீரியோ என்று நினைத்து ஒன்றாக ஓட்டுகிறது. ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'எல்/ஆர்' பொத்தானை அழுத்தி 'மோனோ இடது', 'மோனோ வலது' என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றில் அவர் காணாமல் போவார். இரண்டு மொழிகளில் ஒலி போட்ட விசிடிப் படங்களுக்கும் இதே வழி.

எண்ணை அழுத்தினால் வேண்டிய பாட்டுக்குப் போகாமல் மெனுவே திரும்பத் திரும்ப வந்தால் 'பி.பி.சி.' பொத்தானை 'ஆஃப்' செய்யுங்கள். தீபாவளித் திறந்த இல்லத்தில் மைக்கைப் பிடுங்கச் சண்டை போடுபவர்களுக்கு என்னிடம் வழி இல்லை.

13. 'நோ டிஸ்க்'னு வருது. டிஸ்க் உள்ளேதானே இருக்கு!

வேறு இரண்டு மூன்று டிஸ்க் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஓடவில்லை என்றால் குற்றம் டிஸ்க்கில். டிவிடி ஒன்றுமே ஓடவில்லை, ஆனால் விசிடியும் பாட்டு சிடியும் ஓடுகின்றன என்றால் லேசர் தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் வெவ்வேறு அலைநீளம் என்பதால் ஒன்று போய் மற்றது நிற்கும். எதுவும் ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசு இருக்கலாம். சின்ன பிரஷ் ஒட்டிய லென்ஸ் துடைக்கும் டிஸ்க் ஒன்றை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து பிளேயரை வெளியே கொண்டுவந்த உடனே இப்படி ஆனால், லென்ஸில் நீர் படிந்திருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்.

டிஸ்க்கைத் துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுத்தமான தண்ணீர், வேண்டுமானால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தடம் வட்டமாக ஓடுகிறது. தடத்தைக் குறுக்கே வெட்டும் சின்னக் கீறலைப் பிளேயர் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலில் தரவு மொத்தமாகப் போய்விடும்.

14. கீறலுக்குப் பற்பசை போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?

பற்பசையில் இருக்கும் மெல்லிய தேய்ப்புப் பொருள் மேலோட்டமான கீறலை மழுக்கும், சில நேரம் டிஸ்க் ஓடவும் செய்யும். கை தவறினால் முழுப்பக்கமும் மங்கிப்போகும். மறுபடி வாங்கக் கூடிய படத்தில் விளையாடிப் பாருங்கள். கல்யாண டிஸ்க்கில் வேண்டவே வேண்டாம்.

எல்லாரும் அடிப்பக்கத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். டிவிடியில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவில், 0.6 மி.மீ. ஆழத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. சிடியிலும் விசிடியிலும் அது படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு உடனே கீழே இருக்கிறது. மேல்பக்கம் உரிந்த விசிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

15. டிஸ்க்ல வெள்ளையா பூத்திருக்கு. இது என்ன?

பூஞ்சை. நம் ஊரில் ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது, தோல் செருப்பில் பூப்பது டிஸ்க்கிலும் பூக்கும். மேலாகப் படிந்ததை 13இல் சொன்னபடி கழுவலாம். ஓரத்திலிருந்து உள்ளே நரம்பு போலப் பரவியிருந்தால் அது உள் அடுக்கைத் தொட்டுவிட்டது. ஓடும் வரை உடனே நகல் எடுங்கள்.

பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைப் பைகளில் டிஸ்க் நாளடைவில் ஒட்டிக்கொள்கிறது. அலமாரியை வெளிச் சுவரோடு ஒட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் நல்லது. டிஸ்க் மேல் காகித வில்லை ஒட்டாதீர்கள். சுழலும்போது ஆட்டம் கொடுக்கும்.

16. படம் நடுவுல ஒரு செகண்ட் நின்னு அப்புறம் ஓடுது. எப்பவும் அதே இடத்துல.

இரண்டு அடுக்கு டிஸ்க்கில் லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. குறை இல்லை.

17. ட்ரே வெளியே வரமாட்டேங்குது. தட்டினா வருது.

ட்ரேயை இழுக்கும் சின்ன ரப்பர் பெல்ட் வெயிலிலும் வயதிலும் தளர்ந்துவிட்டது. மின்சாதனம் பழுது பார்ப்பவருக்கு இது சின்ன வேலை. நீங்களே மூடியைத் திறப்பதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மூடி இல்லாமல் ஓட விட்டு லேசரை எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே கரப்பான் பூச்சி குடும்பமே இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வெதுவெதுப்பான இருட்டு அதற்குப் பிடிக்கும். பிளேயரைச் சமையலறைப் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

18. லண்டன்ல இருக்கிற அக்கா டிஸ்க் அனுப்பினாங்க. 'ராங் ரீஜன்'னு வருது.

டிவிடியை உலகளவில் ஆறு வட்டாரமாகப் பிரித்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 3, இந்தியா 5, பிரிட்டன் 2, ஆஸ்திரேலியா 4, அமெரிக்கா 1, சீனா 6. டிஸ்க்கின் வட்டாரமும் பிளேயரின் வட்டாரமும் பொருந்தாவிட்டால் ஓடாது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் எல்லா வட்டாரத்துக்கும் திறந்துவிடப்பட்டவை என்பதால் சென்னையில் வாங்கிய டிஸ்க்கில் இந்தத் தொல்லை அரிது. பெரிய ஆங்கிலப் பட நிறுவனங்களின் டிஸ்க்கில்தான் அதிகம். விசிடிக்கு வட்டாரமே கிடையாது.

வாங்கும்போதே எல்லா வட்டாரமும் ஓட்டும் பிளேயரா என்று கேளுங்கள். கணினியில் போட்டுப் பார்க்க நினைத்தால் கவனம்: கணினியின் டிவிடி டிரைவில் வட்டாரத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு அது பூட்டிக்கொள்ளும்.

19. தங்கச்சி அமெரிக்காவுல இருந்து பிளேயரே கொண்டு வந்துட்டா. சொருகலாமா?

பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிளக்கை மாற்றும் அடாப்டர் போதும். '120 வோல்ட்' மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் அது புகைந்துவிடும். பிளக் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. மின்சாரம் சரியாக இருந்தாலும் அது வட்டாரம் 1 பிளேயர், மேலே சொன்ன தொல்லை இருக்கிறது.

20. பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) வாங்கின டிஸ்க் ஒரிஜினலா இல்லையான்னு எப்படித் தெரியும்?

விலையிலேயே தெரிந்திருக்குமே! சரி, பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால்: இங்கே முறையாக வெளியான டிஸ்க் உறையில் உள்நாட்டு வர்த்தக அமைச்சின் பளபளக்கும் ஹோலோகிராம் வில்லை ஒட்டியிருக்கும். ஆலையில் அச்சான டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாகவோ பொன்னிறமாகவோ இருக்கும், நடுத் துளையைச் சுற்றிய வளையத்தில் சின்ன எழுத்தில் குறியீடு இருக்கும். மலேசியாவில் 2000ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டப்படி டிஸ்க் தயாரிக்க உரிமம் வேண்டும், தயாரிப்பாளர் குறியீடும் வேண்டும். அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் கணினியில் எழுதிய டிஸ்க். உங்கள் கல்யாண டிஸ்க்கும் ஊதாவாகத்தான் இருக்கும், அதில் தப்பில்லை.

21. பென் டிரைவ்ல படம் போட்டு பிளேயர்ல சொருகினேன். பேரே காட்டமாட்டேங்குது.

பழைய பிளேயர்கள் ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவை மட்டும் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. கோப்பு வகையும் பொருந்த வேண்டும்: டிவ்எக்ஸ், எக்ஸ்விட் காலத்து ஏ.வி.ஐ. கோப்பு ஓடும்; இன்றைய கைப்பேசி எடுக்கும் எம்பி4 பெரும்பாலும் ஓடாது. இதற்காக மெனக்கெடாதீர்கள், பென் டிரைவை நேராக டிவியிலேயே சொருகுங்கள்.

22. கல்யாண டிவிடி எங்க வீட்டுல ஓடல, அண்ணன் வீட்டுல ஓடுது. எந்தப் பிளேயர் பொய் சொல்லுது?

இரண்டும் இல்லை. எழுதிய டிஸ்க் அச்சான டிஸ்க்கைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வகை இன்னும் குறைவு. தளர்ந்த லேசர் அதைப் படிக்கத் திணறும். இன்னொரு வாய்ப்பு, புகைப்படக்காரர் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது எழுதி முடித்து மூடாமல், கொடுத்திருப்பார். எழுதிய கருவியிலும் சில பிளேயர்களிலும் மட்டும் அது ஓடும். மூன்றாவது, உள்ளே இருப்பது டிவிடி படமே இல்லை, எம்பி4 கோப்பு. கணினியில் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

23. கல்யாண டிஸ்க்கை எப்படிப் பத்திரப்படுத்தறது? ஒண்ணுதான் இருக்கு.

இந்தக் கேள்வியை எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான். எழுதிய டிஸ்க்கில் தரவு ஒரு சாயத்தில் இருக்கிறது. சூடும் வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தை வெளுக்க வைக்கும், எப்போது என்று டிஸ்க் முன்கூட்டிச் சொல்லாது. ஓடும்போதே நகல் எடுங்கள்.

யூ.எஸ்.பி.யில் சொருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று போதும். உங்களிடம் இல்லையென்றால் சொந்தத்தில் யாரிடமாவது இருக்கும். டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்ற கோப்புறை தெரியும். உள்ளே வி.ஓ.பி. கோப்புகள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். ஒன்றிரண்டை மட்டும் பொறுக்காமல் கோப்புறையை முழுதாக இழுத்துக் கணினியில் போடுங்கள், வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் அதை டிஸ்க் போலவே ஓட்டும். கைப்பேசியில் பார்க்க வேண்டுமானால் 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் எம்பி4 ஆக்கலாம், ஆனால் மூலக் கோப்புறையை அழிக்காதீர்கள். விசிடியாக இருந்தால் 'டேட்' என்று முடியும் பெரிய கோப்பை எடுங்கள், அதையும் வி.எல்.சி. ஓட்டும்.

பாதியில் படிக்க முடியாமல் நின்றால் 13இல் சொன்னபடி துடைத்துவிட்டு வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் மறுக்கும் டிஸ்க்கை இன்னொன்று அமைதியாகப் படிப்பது சாதாரணம். அப்புறம் நகலை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாலி கட்டும் இடம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் பலர். எழுதிய டிஸ்க் பெரும்பாலும் கடைசிப் பகுதியில், வெளி ஓரத்தில்தான் முதலில் கெடும். விருந்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி அங்கேதான் இருப்பார்கள்.

பத்து டிஸ்க் சேர்ந்தாலும் 50 ஜிபிக்குள் அடங்கும். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் என்று இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே அலமாரியில் இரண்டு நகல் வைப்பது ஒரு நகல் வைத்ததற்குச் சமம்.

24. லோரோங் கூலிட்ல பழைய பிளேயர் மலிவா கிடைக்குது. நம்பி வாங்கலாமா?

கையில் டிஸ்க் இல்லாமல் போகாதீர்கள். ஓர் அச்சான டிவிடி, ஒரு விசிடி, ஓர் ஊதா டிஸ்க் மூன்றும் கொண்டுபோங்கள். மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிவி இல்லாவிட்டாலும் முகப்பில் நேரம் ஓடுகிறதா என்று பார்க்கலாம். கடைசி அத்தியாயத்துக்குத் தாவுங்கள், 23இல் சொன்ன வெளி ஓரத்தை அங்கே சோதிக்கலாம். 'டக் டக்' என்று தேடும் சத்தம் தொடர்ந்து வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ரிமோட் இல்லாமல் வாங்காதீர்கள், மேலே சொன்ன செட்டிங் எதுவும் பிளேயரில் உள்ள பொத்தானில் வராது. ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் முனையைக் கைப்பேசியின் முன் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள், திரையில் ஒளி மின்னினால் சரி.

25. இடி இடிச்சா பிளேயர் சுவிட்சை அணைச்சா போதுமா?

போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ஆஸ்ட்ரோ டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக டிக்கோடருக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் பிளேயருக்கும் போகும்.

26. சரி, செத்தே போச்சு. குப்பையில போடலாமா?

போடாதீர்கள். உள்ளே இருக்கும் பலகையில் ஈயம் உட்பட நச்சு உலோகங்கள் இருக்கலாம். சுற்றுச்சூழல் துறை அனுமதித்த மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள், மாநகர் மன்றத்தில் கேட்டால் அருகில் எது என்று சொல்வார்கள். கொடுப்பதற்கு முன் ட்ரேயைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் 17ஆம் பதிலுக்குப் போங்கள். பல வீடுகளில் காணாமல் போன டிஸ்க் அதற்குள்தான் இருக்கிறது.